கதிரைக்குப் பேர் ஒல்லாந்தன், செய்தவனுக்குப் பேர் இல்லை

யாழ்ப்பாணத்தில இப்ப பழைய கதிரைக்குத்தான் மவுசு. புதுசாத் திறக்கிற கோப்பிக்கடையில ஒண்டு, விருந்தினர் விடுதி விறாந்தையில ரெண்டு, கலியாணப் போட்டோவில மாப்பிளை பொம்பிளை இருக்க வாடகைக்கு ஒரு சோடி. கறுத்த மரம், பிரம்புப் பின்னல், முறுக்கின கால். ஆரிட்டைக் கேட்டாலும் ஒரே பதில்: "உது ஒல்லாந்தர் கதிரை." சொல்லுறவருக்கும் பெருமை, கேட்கிறவருக்கும் பெருமை. அந்தப் பேரோட சேர்ந்து விலையும் ஏறுது.

நாங்கள் கேட்கிறது சின்னக் கேள்விதான். அது ஒல்லாந்தன் இருந்த கதிரையா, ஒல்லாந்தன் செய்த கதிரையா? இரண்டும் ஒண்டில்லை. இருந்தவனின்ர பேரைக் கதிரைக்கு வைச்சிட்டு, மரம் அரிஞ்சு, கடைஞ்சு, செதுக்கி, பிரம்பு பின்னினவனைக் கழுவித் துடைச்சு விடுறதுக்குப் பேர் மரபுரிமை எண்டால், அந்த மரபுரிமையில எங்களுக்குச் சண்டை இருக்கு.

இங்கிலாந்துக்காரனே ஏமாந்த கதை

எங்கட கலைப்பீடத்துப் பிள்ளையளுக்கு மத்தியகாலம் எண்டால் உடன ஐரோப்பாதான் ஞாபகம் வரும். கோட்டை, மாவீரன், பெரிய ஓக் மரக் கதிரை. அந்த 'மத்தியகாலக் கதிரை'க் கதையில எங்கட கடற்கரையும் இருக்கு எண்டது கனபேருக்குத் தெரியாது.

18ஆம் நூற்றாண்டில இங்கிலாந்தில ஹோரஸ் வால்போல் எண்டு ஒருத்தர் இருந்தார். பிரதமராய் இருந்தவரின் மகன். பழைய காலத்தில பைத்தியம். லண்டனுக்குக் கிட்ட ஸ்ரோபரி ஹில் எண்ட தன்ர வீட்டை மத்தியகாலக் கோட்டை மாதிரி இழைச்சு இழைச்சுக் கட்டினார். அதுக்குள்ள வைக்கிறதுக்குப் பழைய கதிரை வேணுமெல்லோ? கறுத்த கருங்காலி மரம், நுணுக்கமான செதுக்கு வேலை, முறுக்கின கால் உள்ள கதிரையளைத் தேடினார். 1763இல ஒரு ஏலத்தில ஒரு தொகுதியை வாங்கினார். அவற்றை இங்கிலாந்தின் டியூடர் மன்னர் காலத்துத் தளபாடம் எண்டு நம்பினார். எட்டாம் ஹென்றியின்ர அமைச்சர் கர்தினால் வூல்சியோட சம்பந்தப்பட்ட ஒரு மாளிகையில இதே மாதிரிக் கதிரையள் இருந்ததுதான் அவருக்கு ஆதாரம்.

வூல்சி செத்தது 1530இல. அந்தக் கதிரையள் செய்யப்பட்டது 17ஆம் நூற்றாண்டில. செய்யப்பட்ட இடம் பெரும்பாலும் சோழமண்டலக் கரை. அதே மாதிரி வேலை இலங்கையிலும் பத்தாவியாவிலும் நடந்தது. ஐரோப்பிய வணிகக் கம்பனிகளின்ர தேவைக்கு எங்கட கரையோரத்துத் தச்சர் செதுக்கினதைத்தான் இங்கிலாந்தின்ர பெரிய இரசிகர் தன்ர பாட்டன் பூட்டன்ர சொத்து எண்டு நினைச்சு ஒரு அறைக்குள்ள வைச்சார். அவரோட நிக்கேல்ல. 1836இல ஹென்றி ஷோ வெளியிட்ட பழந்தளபாடச் சித்திரப் புத்தகத்துக்குள்ளையும் இந்தக் கதிரையள் இங்கிலாந்துக் கதிரையளாகவே போயின. இங்கிலாந்தில மத்தியகாலப் பாணி திரும்ப எழும்பினபோது, அதைப் பார்த்துக் கீறினவைக்கு முன்மாதிரியாய் இருந்ததில இந்த முறுக்குக் காலும் ஒண்டு.

சிரிப்பு வருதெல்லோ? ஆனா நாங்கள் வால்போலைப் பார்த்துச் சிரிக்க முதல் எங்கட விறாந்தையைப் பார்க்கவேணும். அவர் தச்சனை மறந்து வூல்சியின்ர பேரைச் சொன்னார். நாங்கள் தச்சனை மறந்து ஒல்லாந்தன்ர பேரைச் சொல்லுறம். அவருக்காவது கடல் தூரம் எண்ட சாட்டு இருந்தது. நாகபட்டினம் எங்கட கரைக்கு எதிர்க்கரை. 1658இல ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தையும் நாகபட்டினத்தையும் ஒரே வருசத்தில போர்த்துக்கேயரிட்டை இருந்து பிடிச்சவை. எங்களுக்கு என்ன சாட்டு?

வட்டமாய்ப் பிரம்பு பின்னி ஆறு கால் வைச்ச ஒரு கதிரை இருக்கு. பழம்பொருள் வியாபாரத்தில அதுக்குப் பேர் 'பேர்கோமாஸ்டர் கதிரை'. பேர்கோமாஸ்டர் எண்டால் ஒல்லாந்தில நகரபிதா. அது செய்யப்பட்டது ஆசியாவில. பேர் பிறகு வியாபாரியளும் சேகரிப்பாளரும் வைச்சது. அங்கையும் அதே கூத்துத்தான்: இருக்கிறவனுக்குப் பேர், செய்தவன் ஆரெண்டே இல்லை.

கதிரை எண்ட சொல்லே சாட்சி

சிலபேர் சொல்லுவினம், கதிரை தமிழ் இல்லை, நாற்காலி எண்டு சொல்லுங்கோ எண்டு. நாங்கள் சொல்லமாட்டம். நாற்காலி எண்டால் நாலு கால் உள்ளது எண்டு மட்டும்தான் அர்த்தம். வாங்குக்கும் நாலு கால், மேசைக்கும் நாலு கால், ஆட்டுக்கும் நாலு கால். கதிரை எண்ட சொல்லுக்குள்ள ஒரு வரலாறு இருக்கு. போர்த்துக்கேயச் சொல் 'கடெய்ரா'. அதுக்கு மூலம் இலத்தீன் 'கதீட்ரா', அதுக்கும் மூலம் கிரேக்கம். ஆங்கிலத்தின் 'செயார்' எண்ட சொல்லும் அதே வேரில இருந்து பிரெஞ்சு வழியாய் வந்ததுதான். கதிரையும் செயாரும் ஒண்டைவிட்ட சகோதரங்கள்.

கதீட்ரா எண்டது சும்மா இருக்கிற சாமான் இல்லை. ஆயர் இருந்து போதிக்கிற ஆசனம். அந்த ஆசனம் உள்ள கோயில்தான் கதீட்ரல். பல்கலைக்கழகத்தில பேராசிரியர் பதவியை இருக்கை எண்டு சொல்லுறதும் இந்த வழியில வந்ததுதான். மத்தியகால ஐரோப்பாவில சாதாரண சனம் வாங்கிலும் முக்காலியிலும் பெட்டகத்துக்கு மேலயும்தான் இருந்தது. முதுகும் கையும் வைச்ச கதிரை வீட்டுக்கு ஒண்டு இருந்தாலே பெரிசு. அதில வீட்டுக்குப் பெரியவன்தான் இருப்பான். கதிரை அங்க சொகுசுக்கு வந்த சாமான் இல்லை. ஆர் மேல, ஆர் கீழ எண்டு காட்ட வந்த சாமான்.

போர்த்துக்கேயர் 1619இல யாழ்ப்பாண இராச்சியத்தை விழுத்தினவை. அவையின்ர காலத்தில மேசை வந்தது, அலுமாரி வந்தது, யன்னல் வந்தது, வாங்கு வந்தது. பின்னால வந்த ஒல்லாந்தர் லாச்சியைத் தந்தவை. இந்தச் சொல்லெல்லாம் இப்பவும் எங்கட வாயில. நல்லூர் மன்னருக்கு ஒரு அரியணை இருந்திருக்கும். அது எங்களிட்ட இல்லை. மரத்துக்குக் கறையானும் எதிரி, படையும் எதிரி. அதுக்காக எங்களுக்கு இருக்கத் தெரியாது எண்டு அர்த்தம் இல்லை. கட்டில், தவிசு, பீடம், பலகை, ஊஞ்சல் எல்லாம் எங்கட சொல்தான். பிரதேச சபைக்குத் தலைமை தாங்கிறவரை இண்டைக்கும் 'தவிசாளர்' எண்டுதான் எழுதுறம். தவிசு எண்டால் ஆசனம். ஆசனத்தையும் அதிகாரத்தையும் ஒட்டிவைக்கிற வேலையை ஐரோப்பியன் வந்து எங்களுக்குப் படிப்பிக்கேல்ல. எங்களுக்கு அது முதலே தெரியும்.

ஒரு வித்தியாசம் சொல்லவேணும். புறநானூற்றில மோசிகீரனார் எண்ட புலவர் களைச்சுப்போய் அரசனின் முரசுகட்டிலில ஏறிப் படுத்து நித்திரையாய்ப் போனார். அது முரசு வைக்கிற புனிதமான இடம். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அவரை வெட்டேல்ல, விசிறி எடுத்து வீசினான். இங்கிலாந்தில முதலாம் எட்வேர்ட் மன்னர் ஸ்கொட்லாந்தில இருந்து 1296இல பறிச்ச கல்லை வைக்கிறதுக்கெண்டே 1300 அளவில ஒரு முடிசூட்டுக் கதிரை செய்விச்சார். மத்தியகாலக் கதிரையளில உலகத்தில பேர்போனது அதுதான். பின்னாளில பள்ளிக்கூடப் பெடியள் அதில தங்கட பேரைக் கிறுக்கி வைச்சவை. 1800இல ஒருத்தன் அதில இரவு நித்திரை கொண்டன் எண்டு கத்தியால எழுதியும் வைச்சிருக்கிறான். பறிச்ச கல் 1996இலதான் ஸ்கொட்லாந்துக்குத் திரும்பினது. அந்தக் கிறுக்கலை அவங்கள் அழிக்கேல்ல. அதையும் வரலாறு எண்டு வைச்சிருக்கிறாங்கள். அதிகாரத்தின்ர ஆசனத்தில அதிகாரம் இல்லாதவன் ஏறிக் கிடந்ததும் ஞாபகத்தில இருக்கவேணும். எங்கட ஊர்க் கதிரைக் கதையில அந்தப் பக்கம் எங்க?

ஆர் இருந்தது, ஆர் நிண்டது

யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ள ஒல்லாந்தர் கட்டின தேவாலயம் 1706ஆம் ஆண்டுக்குரியது. போரில அழிஞ்சுபோச்சு. அதுக்கு அடுத்த வருசம், 1707இல, அதே ஒல்லாந்தர் எங்கட ஊர் வழக்கத்தைக் கேட்டுத் தேசவழமை எண்டு எழுதிவைச்சவை. அதில சீதனத்துக்கும் விதி இருக்கு, அடிமையளுக்கும் விதி இருக்கு. இலங்கையில அடிமைமுறை சட்டப்படி ஒழிஞ்சது 1844இல. 'ஒல்லாந்தர் காலத்து அழகான வாழ்க்கை' எண்டு போட்டோவுக்குக் கீழ எழுதுறவை இந்த இரண்டு வருசத்தையும் பக்கத்தில எழுதிப் பார்க்கவேணும்.

பிறகு வந்த காலமும் அப்பிடித்தான். 1920களில யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் சாதிக்கு எதிராய்க் கதைச்சபோது வந்த கோரிக்கையளில ஒண்டு சம ஆசனம். யோசிச்சுப் பாருங்கோ. நிலமும் இல்லை, காசும் இல்லை. வகுப்பில எல்லாப் பிள்ளையளும் ஒரே உயரத்தில இருக்கவேணும் எண்டது ஒரு அரசியல் கோரிக்கையாய் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளையள் நிலத்தில, மற்றப் பிள்ளையள் வாங்கில. அதை மாத்தச் சொல்லி விதி வந்தபோது எதிர்ப்புக் கிளம்பினது. பள்ளிக்கூடம் எரிச்ச கதையும் இந்த மண்ணிலதான் இருக்கு. 1957இல சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்த பிறகும், 1960களின் நடுப்பகுதியில தேத்தண்ணிக் கடையில ஏறி இருந்து குடிக்கிறதுக்குப் போராட வேண்டியிருந்தது. 1966 ஒக்ரோபர் 21இல சுன்னாகத்தில இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் வெளிக்கிட்டது இதுக்கெல்லாம் சேர்த்துத்தான். கடை வாங்கு ஒரு பலகைத்துண்டு. அதில இருக்கிறதுக்கு இரத்தம் சிந்தின ஊர் இது.

அதே 1966இல டொமினிக் ஜீவா மல்லிகை இதழைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில அவையின்ர குடும்பத்துச் சலூனுக்குள்ள இருந்துகொண்டுதான் அதை நடத்தினவர். ஈழத்து இலக்கியத்தில கனபேர் வந்துபோன இடம் ஒரு முடிவெட்டுற கடை. எங்களிட்டக் கேட்டால், யாழ்ப்பாணத்தில பாதுகாத்து வைக்கவேண்டிய கதிரை ஒண்டு எண்டால் சலூன் கதிரைதான். அதில இருக்கிறவனை விட நிண்டு வேலை செய்யிறவன் பெரியவனாய்ப் போன கதிரை அது.

வீட்டுக்குள்ள வாங்கோ. விறாந்தையில சாய்மனைக் கதிரை. அதில ஆர் இருந்தவை? வீட்டு ஐயா. அம்மம்மா எதில இருந்தவா? திருவலையில. அரிவாளுக்கு முன்னால போட்ட பலகையில. பெண்ணுக்குத் தந்த ஆசனம் எல்லாம் வேலை செய்யிறதுக்கான கருவி. ஐயாவின்ர கதிரை வாடகைக்குப் போய்ப் போட்டோவில நிக்குது. அம்மம்மாவின்ர திருவலையை ஆர் வாடகைக்குக் கேட்கினம்?

குருநகரில நிண்டு பார்த்தால்

இதை நாங்கள் குருநகரில இருந்து எழுதுறம். முந்திக் கரையூர் எண்ட ஊர். இங்க பெரிய விறாந்தை வைச்ச வீடு குறைவு. 'ஒல்லாந்தர் கதிரை' கிடைக்கிறது அதைவிடக் குறைவு. எங்கட ஆக்கள் இருந்தது வள்ளத்துக்குக் குறுக்க போட்ட பலகையில, வலை பொத்துற இடத்தில நிலத்தில, கோயில் வாங்கில. 1993 நவம்பர் 13 புனித யாகப்பர் ஆலயத்துக்கு மேல குண்டு விழுந்த ஊர் இது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது ஆரும் கதிரையைத் தூக்கிக்கொண்டு போகேல்ல. பிள்ளையைத் தூக்கினவை, அரிசியைத் தூக்கினவை. திரும்பி வந்தபோது கனவீட்டில கதவு நிலையே இல்லை. எங்கட குழுவில உள்ள குருநகர்ப் பிள்ளையளின்ர வீட்டில 1996க்கு முந்தின தளபாடம் தேடினால் அநேகமாய் ஒண்டும் இல்லை. வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரைதான். கலியாணத்துக்கும் அது, செத்தவீட்டுக்கும் அது, திருவிழாவுக்கும் அது.

அப்ப எங்களுக்கு மரவேலை மரபு இல்லையா? இருக்கு, கடலில இருக்கு. ஓடாவி எண்ட சொல் இன்னும் எங்கட கரையில சாகேல்ல. பலகையை வளைச்சு, மூட்டுக்கு மூட்டுத் தண்ணி புகாமல் இறுக்கிறவர் ஓடாவியார். கதிரையின்ர மூட்டும் மரத்தோட செய்யிற அதே கணக்குத்தான். ஒரு கட்டையின்ர முனையில நாக்கு வெட்டி, மற்றக் கட்டையில துளை போட்டு, ஆணி இல்லாமல் இறக்கிறது. மத்தியகால ஐரோப்பாவில ஓக் கதிரை நிண்டதும் இந்த மூட்டிலதான். மரம் ஈரத்துக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும் எண்டு தெரிஞ்சவன்தான் அந்த மூட்டை வெட்டலாம். வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் 1938இல அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அது எங்கட பெருமையாய் இண்டைக்கும் கதைக்கப்படுது. நல்லது. அப்பிடி மரம் இழைக்கத் தெரிஞ்ச ஒரு கரையில கிடைச்ச பழைய கதிரையைப் பார்த்தவுடன 'ஒல்லாந்தன்ர' எண்டு வாய் போகுதெண்டால், அது அறியாமை மட்டும் இல்லை. எங்கட கையில எங்களுக்கு நம்பிக்கை இல்லை.

வரப்போற மூண்டு கேள்வி

"இவ்வளவு பிரச்சினை இருக்க, கதிரையைப் பற்றியா எழுதுறியள்?" காணிப் பிரச்சினை, கடல் பிரச்சினை, காணாமல் ஆக்கப்பட்டவையின்ர பிரச்சினை எல்லாம் எங்கட வீட்டுக்குள்ளையே இருக்கு. ஆனா அரசியல் கதிரைக்கு அடிபடுறதைத் தினம் பேப்பரில படிக்கிறம். 1994இல சந்திரிகாவின் கூட்டணி கேட்ட சின்னமே கதிரை. இருக்கிறவனைப் பற்றி இவ்வளவு கதைக்கிற சமூகம் செய்தவனைப் பற்றி ஒரு பக்கம் கதைச்சால் ஒண்டும் குறையாது.

"பழசை விக்கிறது வீட்டுக்காரன்ர உரிமை." ஓம், உரிமைதான். வயசுபோன ரெண்டுபேர் தனிய இருக்கிற வீட்டில மருந்துக் காசுக்குக் கதிரை விக்கினம் எண்டால் அவையில நாங்கள் குற்றம் சொல்லமாட்டம். எங்கட கேள்வி வாங்கிறவனிட்ட. எந்த ஊர், எந்த வீடு, என்ன மரம், முதிரையா வேம்பா தேக்கா, ஆர் செய்தது எண்டு ஒரு துண்டில எழுதிவைக்க எத்தினை நிமிசம் போகும்? லொறியில ஏறின உடன அந்தக் கதிரை 'கொலோனியல்' ஆகிப்போகுது. ஊர் இல்லை, ஆள் இல்லை. வால்போல் வாங்கின ஏலமும் இப்பிடித்தான் நடந்திருக்கும்.

"செய்தவன்ர பேர் எங்கயும் இல்லையே, என்ன செய்ய?" கண்டி அரியணையைப் பாருங்கோ. 1693இல ஒல்லாந்த ஆளுநர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் குடுத்தது, 1815இல ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு போனது, வின்ட்சர் கோட்டையில இருந்தது, 1934இல திரும்பி வந்தது, இப்ப கொழும்பு அரும்பொருட்காட்சியகத்தில இருக்கிறது எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். குடுத்தவன், வாங்கினவன், பறிச்சவன், திருப்பித் தந்தவன் எல்லாருக்கும் கதையில இடம் இருக்கு. பேர் தெரியாட்டில் 'செய்த தச்சர்களின் பெயர் எழுதிவைக்கப்படவில்லை' எண்டு ஒரு வரி போடலாம். அந்த ஒரு வரி பார்க்கிறவனைக் கேள்வி கேட்கப் பண்ணும். வெறும் 'ஒல்லாந்தர் கதிரை' கேள்வியை மூடிப்போடும்.

நாங்கள் கேட்கிறது

ஒண்டு: 'ஒல்லாந்தர் கதிரை' எண்டு சொல்லுறதை நிப்பாட்டுவம். 'ஒல்லாந்தர் காலத்துப் பாணி' எண்டு சொல்லுவம். கனகதிரை அந்தப் பாணியைப் பார்த்துப் பிறகு இங்கத்தைய தச்சர் செய்தது. அதைக் கேவலம் எண்டு நினைக்கிறதையும் நிப்பாட்டுவம்.

ரெண்டு: எங்கட ஊர் அரும்பொருட்காட்சியகத்திலயும், பல்கலைக்கழகத்திலயும், பள்ளிக்கூடத்திலயும் கதிரைக்குப் பக்கத்தில வாங்கும் வரவேணும், திருவலையும் வரவேணும், சலூன் கதிரையும் வரவேணும். பிளாஸ்ரிக் கதிரையும் வரவேணும். இடம்பெயர்ந்த சனத்தின்ர தளபாட வரலாறு அதில இருந்துதான் தொடங்குது.

மூண்டு: உயிரோட இருக்கிற தச்சரிட்டையும் ஓடாவிமாரிட்டையும் போவம். உளிக்கு எத்தினை பேர், மூட்டுக்கு எத்தினை பேர், எந்த மரம் எந்த மாதம் வெட்டிறது, ஆரிட்டைப் பழகினவை எண்டு கேட்டு எழுதுவம். பட்டறையில இண்டைக்கு இரும்புக் குழாயும் ஒட்டுப்பலகையும்தான் கிடக்கு. அவரோட அந்தச் சொல்லும் போயிடும்.

மூண்டாவதை நாங்கள் தொடங்குறம். உங்கட வீட்டிலயோ அயலிலயோ அப்பிடி ஒருத்தர் இருந்தால் அவரிட்ட முதல் நீங்களே போய் இருங்கோ. அவர் நிலத்தில இருந்தால் நீங்களும் நிலத்தில இருங்கோ. கேட்டதை அவற்றை சொல்லிலயே எழுதி எங்களுக்கு அனுப்புங்கோ. கட்டுரைக்கு மேல உங்கட பேரைப் போட முதல் அவர் சம்மதிச்சால் அவற்றை பேரைப் போடுவம்.